வாட்ச் பாதியில் படுத்துவிட்டால்: அல்ட்ரா ஓட்டத்தில் பேட்டரி, சிங்க் கோளாறுகள்

மராத்தான் வரைக்கும் ஜிபிஎஸ் வாட்ச்சின் பேட்டரியைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. நாலைந்து மணி நேரம், அவ்வளவுதான். சென்னை ஈசிஆரில் விடியற்காலை கிளம்பி 100 கிலோமீட்டர், ஸ்டேடியத்தில் 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று மராத்தானைத் தாண்டிய அல்ட்ரா ஓட்டத்துக்குப் போகும்போதுதான் பெட்டியில் அச்சடித்த எண்ணும் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சும் வேறு வேறு என்று புரியும்.

கீழே உள்ளதெல்லாம் அறிகுறி வாரியாக. உங்கள் வாட்ச் என்ன அடம் பிடிக்கிறதோ, நேராக அங்கே போய்விடலாம். முன்கூட்டியே ஒன்று மட்டும்: எந்தக் கோளாறானாலும் ஃபேக்டரி ரீசெட்டைக் கடைசிக்கு வையுங்கள். ஓட்டத்தின் பைல் வாட்ச்சுக்குள் கிடக்கும்போது ரீசெட் அடித்தால் அந்த ஓட்டம் போனதுதான்.

சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது

உண்மையிலேயே வேகமாகத்தான் இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். கார்மின் ஃபோர்ரன்னர் 255-க்குக் கம்பெனி சொல்வது 30 மணி நேரம். அது வெறும் ஜிபிஎஸ் மட்டும் ஓடும்போது. அதே வாட்ச்சில் எல்லா செயற்கைக்கோள்களும் மல்ட்டி பேண்டும் (ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளில் சிக்னல் கேட்பது) போட்டால் 16 மணி நேரம். கோரோஸ் பேஸ் 3-இல் 38 என்பது இரட்டை அலைவரிசை போட்டதும் 15 ஆகிவிடுகிறது. வாட்ச் கெட்டுப்போகவில்லை, அமைப்பில் ஒரு வரி மாறியிருக்கிறது, பாதி பேட்டரி போய்விட்டது.

அந்த எண்ணெல்லாம் புது பேட்டரிக்கு. லித்தியம் அயன் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஆனபின் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். அதனால் உங்கள் கணக்கை நீங்களே போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்துக்குப் போகும்போது போட்டி நாளில் வைக்கப்போகும் அதே அமைப்புகளோடு முழு சார்ஜில் கிளம்புங்கள். இரண்டு மணி நேரம் கழித்து 88 காட்டினால் மணிக்கு 6 சதவீதம். கடைசி 10 சதவீதத்தை நம்பாமல் மீதி 90-ஐ 6-ஆல் வகுத்தால் 15 மணி நேரம். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் மாதிரி 12 மணி நேரக் கெடு உள்ள ஓட்டத்துக்கு இது தாராளம். 24 மணி நேர ஸ்டேடியம் ஓட்டத்துக்கு நடுவில் சார்ஜ் போட்டே ஆக வேண்டும்.

மணிக்கு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், யார் தின்கிறார்கள் என்று தேடலாம்.

முதல் ஆள், மல்ட்டி பேண்ட். ஜிபிஎஸ் எல்1 அலைவரிசையில் 1575.42 மெகாஹெர்ட்ஸிலும், எல்5-இல் 1176.45-லும் வருகிறது. இரண்டையும் கேட்டால், கட்டடத்தில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலை வாட்ச் நன்றாக வடிகட்டும். ஓஎம்ஆரின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவிலும், கிண்டி–ஆலந்தூர் மெட்ரோ பாலத்தை ஒட்டியும் ஓடினால் அதற்கு மதிப்பு உண்டு. கோவளம் தாண்டிய ஈசிஆரில் ஒரு பக்கம் கடல், தலைக்கு மேல் திறந்த வானம். அங்கே வெறும் ஜிபிஎஸ் போதும். புதிய கார்மின்களில் சேட்ஐக்யூ என்ற தானியங்கித் தேர்வு இருக்கிறது, தேவைப்படும் இடத்தில் மட்டும் மல்ட்டி பேண்டுக்குத் தாவும். எதைப் போடுவது என்று குழப்பமாக இருந்தால் அதில் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, திரை. கையைத் தூக்கினால் எரியும் விளக்கு இரவில்தான் வேலையைக் காட்டும்: ஓடும்போது கை வீசுவதையே நீங்கள் மணி பார்ப்பதாக எடுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க எரிந்து எரிந்து அணையும். விளக்கு பட்டனை அழுத்தினால் மட்டும் எரியட்டும், 4 வினாடியில் அணையட்டும். அமோலெட் திரை என்றால் எப்போதும் எரியும் அமைப்பை நிறுத்துங்கள். மேப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே ஓடுவதும் கெடுதல். திருப்பம் வரும்போது பார்த்துவிட்டு எண்கள் உள்ள பக்கத்துக்கு வந்துவிடுங்கள்.

மூன்றாவது ஸ்டேடியம் ஓட்டத்துக்கே உரிய சிக்கல், பலருக்குப் பிடிபடுவதில்லை. போன் டென்ட்டில் பையில் இருக்கிறது. நீங்கள் 400 மீட்டர் சுற்றில் ஓடுகிறீர்கள். எதிர்ப் பக்கம் போனதும் ப்ளூடூத் அறுந்துபோய் மணிக்கட்டு அதிர்கிறது. டென்ட் பக்கம் வந்ததும் மறுபடி இணைப்பு, மறுபடி அதிர்வு, தேங்கிக் கிடந்த வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் ஒரேயடியாக. 160 கிலோமீட்டர் ஓடுபவருக்கு இது 400 சுற்று. துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே வாட்ச்சில் போன் இணைப்பை நிறுத்திவிடுங்கள். ஓட்டம் முடிந்து திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

மீதி உள்ளவை சில்லறை: நாள் முழுக்க ரத்த ஆக்சிஜன் அளப்பது, வாட்ச்சிலிருந்தே பாட்டு கேட்பது, கிலோமீட்டருக்கு ஒருமுறை சத்தமும் அதிர்வும். இதயத் துடிப்பை அளக்கும் மார்பு பெல்ட் போட்டால் மணிக்கட்டின் பச்சை விளக்கு அணைந்து கொஞ்சம் மிச்சமாகும். சென்னை வேர்வையில் மணிக்கட்டு அளவைவிட அது நம்பகமும்கூட. பெல்ட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் சிஆர்2032 பட்டன் செல். பழசாக இருந்தால் போட்டி வாரத்தில் மாற்றிவிடுங்கள்.

20 சதவீதம் காட்டியது, திடீரென்று அணைந்துவிட்டது

சதவீதம் என்பது வாட்ச் மின்னழுத்தத்தைப் பார்த்துப் போடும் ஊகம். பேட்டரி பழசானால் ஊகம் பிசகும். ஒருமுறை தானாக அணையும் வரை ஓடவிட்டு, நிறுத்தாமல் 100 வரை ஏற்றுங்கள். கணக்கு ஓரளவு நேராகும். அடிக்கடி செய்ய வேண்டிய வேலை இல்லை இது.

அப்படியும் 20-லிருந்து குதித்தால் பேட்டரி கிழம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேட்டரி மாற்றிக் கொடுப்பார்கள்தான், ஆனால் மூடியைத் திறந்த வாட்ச்சின் நீர்க்காப்புக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஐப்பசி மழையிலும் கத்திரி வெயில் வேர்வையிலும் கட்டப்போகும் பொருள் அது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாற்று வாட்ச்சுக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குளிரிலும் இப்படி நடக்கும். கர்துங் லா 72 கிலோமீட்டருக்கு லடாக் போகும் சென்னைக்காரர்கள் இதை முதல்முறை பார்த்து மிரண்டுவிடுவார்கள். குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி மின்னழுத்தம் சரிகிறது. வாட்ச்சை ஜாக்கெட் கைக்குள் இழுத்துவிட்டுச் சூடேற்றினால் இழந்த சதவீதத்தில் ஒரு பகுதி திரும்பி வரும்.

பவர் பேங்க்கில் போட்டேன், ஏறவே இல்லை

டென்ட்டில் அரை மணி நேரம் கிடந்த வாட்ச்சை எடுத்துப் பார்த்தால் 3 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. உதவிக்கு வந்தவர் மேல் பழி விழும். பெரும்பாலும் அவர் சரியாகத்தான் செருகியிருப்பார்.

பவர் பேங்க் போன்களுக்காகச் செய்யப்பட்டது. இழுக்கும் மின்சாரம் ஓர் அளவுக்குக் கீழே போனால், போன் நிறைந்துவிட்டது என்று எண்ணித் தானே அணைந்துவிடும். வாட்ச்சின் பேட்டரி சில நூறு எம்ஏஎச்தான். அது இழுப்பது அந்த எல்லையைத் தொட்டுத் தொட்டுப் போகும். நிறைய பவர் பேங்க்குகளில் இதற்காகவே குறைந்த மின்சார முறை இருக்கிறது. ஷாவ்மியின் சில மாடல்களில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் இரண்டு மணி நேரம் அணையாமல் இருக்கும். உங்களுடையதில் அது இல்லையென்றால் எளிய வழி ஒன்று உண்டு: இன்னொரு துளையில் ஹெட்லேம்ப்பையோ போனையோ சேர்த்துச் செருகுங்கள். இழுப்பு கூடும், பேங்க் தூங்காது.

வாட்ச்சோடு வந்த கேபிளின் மறுமுனை பழைய அகல யுஎஸ்பியா, டைப்-சியா என்றும் பாருங்கள். அகல முனைக் கேபிளில் மாற்றி (அடாப்டர்) செருகி டைப்-சி துளையில் போட்டால் சில பவர் பேங்க்குகள் மின்சாரமே தராது. பேங்க்கின் அகலத் துளையில் நேராகப் போடுவதுதான் நல்லது. பேங்க் 5,000 எம்ஏஎச் இருந்தால் வாட்ச்சுக்கு ஏராளம். 20,000 எம்ஏஎச் செங்கல்லைத் தூக்கி வர வேண்டியதில்லை.

இன்னொரு காரணம், சூடு. பெரும்பாலான வாட்ச்கள் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றாது. பேட்டரியைக் காக்க அதுவே மறுத்துவிடும். மே மாத மதியத்தில் பூட்டிய காரின் டேஷ்போர்டிலோ வெயில் விழும் டென்ட் ஓரத்திலோ வைத்தால் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். நிழல், கொஞ்சம் காற்று, கீழே ஈரத்துண்டு இல்லாத உலர்ந்த இடம்.

எப்போது போடுவது? 5 சதவீதம் வரும்வரை காத்திருக்காதீர்கள். 80-க்கு மேல் ஏறும் வேகம் தளர்ந்துவிடும் என்பதால், 30-லிருந்து 80 வரை ஏற்றுவதுதான் நேரத்துக்கு நல்ல பலன். சாப்பிட உட்காரும் 20 நிமிஷத்தில் எவ்வளவு ஏறும் என்பதை வீட்டிலேயே மணி வைத்துப் பார்த்து உதவிக்கு வருபவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேபிளைச் செருகியதும் ஓட்டம் நின்றுவிட்டது

வாட்ச் தன்னைக் கம்ப்யூட்டரில் செருகியதாக நினைத்துக்கொண்டது. காரின் மியூசிக் சிஸ்டம் யுஎஸ்பி துளையில் டேட்டா கம்பியும் உண்டு. வாட்ச் உடனே பைல் பரிமாற்றத்துக்குப் போய்விடும். காரில் சிகரெட் லைட்டர் சார்ஜரைப் பயன்படுத்துங்கள், அல்லது சார்ஜ் மட்டும் போகும் கேபிள் வையுங்கள். கார்மினில் சிஸ்டம் அமைப்புகளுக்குள் யுஎஸ்பி முறை என்று ஒரு வரி உள்ள மாடல்களில் எம்டிபி-யிலிருந்து (பைல் பரிமாற்ற முறை) கார்மின் என்பதற்கு மாற்றிப் பாருங்கள். சில பழைய மாடல்கள் எப்படிச் செருகினாலும் நிறுத்திவிடும். வீட்டில் பத்து நிமிஷம் ஒரு நடை பதிவைப் போட்டுச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சார்ஜ் ஆகும் நேரத்தில் பின்பக்கம் மணிக்கட்டில் படாததால் இதயத் துடிப்பு அபத்தமாகப் பதிவாகும். கோளாறு இல்லை. வாட்ச்சை டென்ட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் ஓடினால் அந்தத் தூரம் வராது என்பதையும் சொல்லிவிடுகிறோம். விடியற்காலை மூன்று மணிக்கு இதுகூட மறந்துபோகும். பெல்ட் பையில் சின்ன பவர் பேங்க்கோடு வாட்ச்சையும் போட்டுக்கொண்டு ஓடலாம்.

செருகினால் ஒருமுறை ஏறுகிறது, ஒருமுறை இல்லை

வாட்ச்சைத் திருப்பி, வெளிச்சத்தில் சார்ஜ் துளையைப் பாருங்கள். தங்க நிறத்தில் இருக்க வேண்டிய புள்ளிகளில் ஒன்று மங்கி, ஓரத்தில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். வேர்வை உப்பு காயாமலிருக்கும்போது 5 வோல்ட் கொடுத்தால் உலோகம் கரைந்து அரிக்கிறது. கடற்கரை ஊரில் இது சீக்கிரம் நடக்கும்.

ஓடி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துளையை ஊதித் துடைத்து, முழுக்க உலர்ந்தபின்தான் சார்ஜ். அரிப்பு வந்துவிட்டால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். ஊசி, பிளேடு வேண்டாம். மேல்பூச்சு போனால் அரிப்பு இன்னும் வேகமாகும். கேபிள் முனையின் ஊசிகளையும் அதே மாதிரி துடையுங்கள், பாதி நேரம் குற்றவாளி அதுதான்.

தானாக நின்றது, தானாக லேப் (சுற்றுக் குறி) விழுந்தது

வேர்வையோ மழையோ ஈரச் சட்டைக் கையோ தொடுதிரையைத் தொட்டிருக்கும். ஓட்டத்தின்போது தொடுதிரையை நிறுத்தி பட்டன்களால் ஓட்டுங்கள். நீங்கள் நின்றால் பதிவைத் தானாக நிறுத்தி வைக்கும் ஆட்டோ பாஸையும் நிறுத்துங்கள். அல்ட்ராவில் நடப்பதும் ஓட்டம்தான், மேடேறும்போது வாட்ச் அதை நிற்பதாக எடுத்துக்கொண்டால் நேரக் கணக்கு குழம்பும்.

தூரம் குறைகிறது, தடம் கோணலாக வருகிறது

பேட்டரியை மிச்சம் பிடிக்க அல்ட்ராட்ராக் மாதிரி முறையைப் போட்டீர்களா? கார்மினில் அது வழக்கமாக நிமிஷத்துக்கு ஒரு புள்ளி எடுக்கும். ஸ்டேடியத்தில் இதன் விளைவைப் பாருங்கள். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிஷ வேகத்தில் ஒரு நிமிஷத்தில் 133 மீட்டர். 400 மீட்டர் சுற்றுக்கு மூன்றே புள்ளிகள். மூன்றையும் கோட்டால் இணைத்தால் முக்கோணம். பாதை வட்டமாக இருந்தால் அந்த முக்கோணத்தின் சுற்றளவு சுமார் 331 மீட்டர். ஆறில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. கைவீச்சை வைத்து வாட்ச் தூரத்தைச் சரிக்கட்டப் பார்க்கும், தடம் என்னவோ முக்கோணம்தான்.

நேர்ச்சாலையான ஈசிஆரில் இந்த முறையால் நஷ்டம் கொஞ்சம். ஏற்காடு மாதிரி கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையிலும் ஸ்டேடியத்திலும் போடவே வேண்டாம். நொடிக்கு ஒரு பதிவு வைத்து, நடுவில் சார்ஜ் போடுங்கள். ஸ்டேடியத்தில் எப்படியும் நேரம் குறிக்கும் சிப்போ சுற்று எண்ணுபவர்களோ சொல்வதுதான் முடிவு, வாட்ச் தூரத்தைக் காட்டிச் சண்டை போட முடியாது.

ஸ்டார்ட்டிங் லைனில் ஜிபிஎஸ் கிடைக்கவே இல்லை

செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் பொது அட்டவணை முழுதாக இறங்க 12.5 நிமிஷம். போனோடு சிங்க் செய்யும்போது (தரவு பரிமாறும்போது) வரப்போகும் சில நாட்களின் விவரம் முன்கூட்டியே இறங்கிவிடுவதால்தான் வழக்கமாகச் சில வினாடியில் பிடிக்கிறது. ஒரு வாரம் சிங்க் செய்யாமலிருந்தாலோ, விமானத்தில் லேவுக்கோ டர்பனுக்கோ போய் இறங்கினாலோ அந்த உதவி பலிக்காது. முதல் நாள் மாலை சிங்க் செய்து, திறந்த வெளியில் ஆடாமல் நின்று ஒருமுறை பிடிக்கவிடுங்கள்.

நடுவில் அணைந்துவிட்டது; ஓட்டம் இருக்கிறதா, போய்விட்டதா?

பெரும்பாலும் இருக்கும். சார்ஜ் போட்டு, அதுவாக எழும்வரை பட்டன்களைப் போட்டு அழுத்தாமல் விடுங்கள். பிறகு ஹிஸ்டரியைப் பாருங்கள். தொடர்வதா, சேமிப்பதா, அழிப்பதா என்று கேட்டால் சேமியுங்கள்.

ஹிஸ்டரியில் இல்லையென்றால் கம்ப்யூட்டரில் செருகுங்கள். கார்மினில் கார்மின் ஃபோல்டருக்குள் ஆக்டிவிட்டி ஃபோல்டர்; தேதியும் நேரமும் பெயராகக் கொண்ட ஃபிட் பைல்கள் (ஓட்டத்தின் பதிவுகள்) வரிசையாக இருக்கும். மேக் கம்ப்யூட்டரில் புதிய மாடல்கள் நேராகத் தெரியாது, ஓப்பன்எம்டிபி மாதிரி ஒரு மென்பொருள் வேண்டும். கோரோஸில் இந்த வழி இல்லை. ஆப்பில் ஏறியபின் அங்கிருந்து ஃபிட்டாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும்.

பைலை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் கை வையுங்கள். அளவு சைபராக இல்லாமல் சில நூறு கேபி இருந்தும் எந்தத் தளமும் ஏற்க மறுத்தால் பைல் சரியாக மூடப்படவில்லை என்று பொருள். ஃபிட் பைலின் தலைப்பகுதியில் உள்ளே எத்தனை பைட் தரவு என்ற எண் இருக்கும், வாலில் இரண்டு பைட் சரிபார்ப்பு எண் இருக்கும். இரண்டும் ஓட்டத்தைச் சேமிக்கும்போதுதான் சரியாக எழுதப்படும். மின்சாரம் முன்பே போய்விட்டதால் நடுவில் உள்ள தரவு நன்றாக இருந்தும் தலையும் வாலும் பொருந்தவில்லை. ஃபிட் பைல் பழுதுபார்க்கும் கருவிகள் செய்வது இந்த இரண்டையும் திருத்தி எழுதுவதுதான். பயத்தில் வாட்ச்சிலிருந்து பைலை வெட்டி எடுக்காதீர்கள்.

ஓட்டம் 1989 டிசம்பர் 31-இல் நடந்ததாகக் காட்டினால் சிரித்துவிட்டு விடுங்கள். ஃபிட் வடிவம் நேரத்தை எண்ணத் தொடங்கும் நாள் அது. வாட்ச்சின் நேரம் சைபராகிவிட்டது, அவ்வளவுதான். நேரத்தை நகர்த்தும் கருவிகள் இணையத்தில் உண்டு.

போனில் ஏற மாட்டேன் என்கிறது

24 மணி நேரம் நொடிக்கு ஒரு பதிவு என்றால் 86,400 பதிவுகள், சில எம்பி. வாட்ச்சின் ப்ளூடூத் மெதுவானது. பத்து நிமிஷம் எடுத்தாலும் ஆச்சரியமில்லை. திரையை அணையவிடாமல், ஆப்பைத் திறந்தே வைத்து, வாட்ச்சைப் போனின் பக்கத்தில் வைத்துப் பொறுமையாக இருங்கள். பாதியில் நிற்கும் சிங்க்கில் பெரும்பகுதி இந்த ஒன்றிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் இந்த வரிசையில் போங்கள். வாட்ச், போன் இரண்டையும் அணைத்துப் போடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் ஆப்புக்கு அருகிலுள்ள சாதனங்கள் அனுமதியும், அதற்கு முந்தியவற்றில் லொக்கேஷன் அனுமதியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஷாவ்மி, ஒப்போ, விவோ, ரியல்மி போன்களில் பேட்டரி சேமிப்பு ஆப்பைப் பின்னணியில் கொன்றுவிடும். கட்டுப்பாடு இல்லை என்று மாற்றி, ஆட்டோஸ்டார்ட்டையும் அனுமதியுங்கள். ஓடும் இடத்தை வீட்டிலிருந்து நேரடியாகப் பார்க்க உதவும் லைவ்ட்ராக் நடுவில் நின்று வீட்டிலுள்ளவர்கள் பதறுவதும் பெரும்பாலும் இதனால்தான். வீட்டில் முன்பு இணைத்த பழைய போன் இருந்தால் அதன் ப்ளூடூத்தை அணையுங்கள், வாட்ச்சை அது பிடித்து வைத்திருக்கலாம்.

இணைப்பை நீக்கி மறுபடி இணைப்பது அடுத்தது. பைலை நகலெடுத்தாயிற்றா? சரி, இப்போது மூன்று இடத்திலும் நீக்குங்கள்: ஆப்பில், போனின் ப்ளூடூத் பட்டியலில், வாட்ச்சின் போன் பட்டியலில். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் மறுபக்கம் பழைய சாவியை வைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் பார்க்கும், திறக்காது. பிறகு ஆப்பிலிருந்தே இணையுங்கள், போனின் ப்ளூடூத் பக்கத்திலிருந்து வேண்டாம்.

சில சமயம் உங்கள் பக்கம் எந்தத் தப்பும் இருக்காது. 2020 ஜூலையில் இணையத் தாக்குதலால் கார்மின் சர்வர்கள் பல நாட்கள் முடங்கின. அந்த நாட்களில் கைகொடுத்தது யுஎஸ்பி கேபிள்.

வாட்ச் ஆப்பில் இருக்கிறது, ஸ்ட்ராவாவில் இல்லை

ஸ்ட்ராவா, ஓட்டங்களைப் பகிரும் தளம். பாஸ்வேர்டை மாற்றினால் வாட்ச் ஆப்போடு அதன் இணைப்பு அறுந்திருக்கலாம். துண்டித்து மறுபடி இணையுங்கள். புதிய இணைப்புக்கு முந்தைய ஓட்டங்கள் தானாகப் போகாமல் போகலாம். அப்போது ஸ்ட்ராவாவின் இணையதளத்தில் பைலை நேராக ஏற்றலாம். உச்சவரம்பு 25 எம்பி. ஏற்கெனவே இருக்கிறது என்று மறுத்தால், அதே நேரத்தில் போன் பதிவு செய்த இன்னொரு ஓட்டம் இருக்கும்.

62-வது கிலோமீட்டரில் அணைந்து, சார்ஜ் போட்டுப் புதிதாகத் தொடங்கியதால் இரண்டு துண்டாக இருந்தால் ஒட்டும் கருவிகள் உண்டு. சான்றுக்காக ஓட்டத்தின் லிங்க் கேட்கும் போட்டி என்றால், ஒட்டியது செல்லுமா என்று அமைப்பாளரிடம் முதலில் கேட்டுக்கொண்டு, மூலத் துண்டுகள் இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

நீல முக்கோணம், திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட்

2025 ஜனவரி 28 அன்று உலகெங்கும் கார்மின் வாட்ச்கள் தொடக்கத் திரையின் நீல முக்கோணத்தில் மாட்டிக்கொண்டன. ஜிபிஎஸ் உதவித் தரவு பைல் கெட்டுப்போனதுதான் காரணம். ஜிபிஎஸ் தேடும் ஓட்டத்தைத் திறந்த நொடியே வாட்ச் விழுந்துவிடும். பவர் பட்டனை முழுக்க அணையும்வரை அழுத்திப் பிடித்து, திரும்பப் போட்டு, ஓட்டம் எதையும் திறக்காமல் முதல் வேலையாகச் சிங்க் செய்ய வேண்டும். நல்ல பைல் இறங்கியதும் சரியாகிவிடும்.

இப்படிக் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்ளாமலிருக்க, போட்டி வாரத்தில் புதிய ஃபர்ம்வேரும் (வாட்ச்சை இயக்கும் மென்பொருள்) ஏற்ற வேண்டாம். தானாக அப்டேட் ஆவதைப் பத்து நாள் முன்பே நிறுத்துங்கள். கடைசி சிங்க் முதல் நாள் மாலை, அதன்பின் வீட்டு வாசலில் ஜிபிஎஸ் பிடிக்கிறதா என்று ஒரு கிலோமீட்டர் நடந்து பார்த்துவிட்டு, சார்ஜில் போட்டுத் தூங்கப் போங்கள்.